மேற்கு வாசல் கடை: மாலை வெயிலில் கேமராவில் முகம் கருத்துப் போகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மேற்குப் பார்த்த மருந்துக் கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கல்லாவுக்குப் பின்சுவரில் 9 அடி உயரத்தில், வாசலைப் பார்த்தபடி 4 மெகாபிக்சல் டோம் கேமரா, 2.8 மி.மீ. லென்ஸ். வாசல் 12 அடி தூரம். மாலை நாலு மணிக்கு மேல் உள்ளே வருபவர் வெறும் கருநிழல்.

இதில் இருப்பது டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர். (வெளிச்சப் பகுதியும் இருட்டுப் பகுதியும் ஒரே படத்தில் தெரிய வைக்கும் வசதி). ஒரே எக்ஸ்போஷரில் (ஒருமுறை ஒளி பதித்து) எடுத்த படத்தின் இருட்டுப் பகுதியை மென்பொருளால் தூக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். சென்சாரில் பதியாத முகம் எங்கிருந்து வரும்? புள்ளி புள்ளியாக நாய்ஸ்தான் மிச்சம். பி.எல்.சி. (பின்வெளிச்சத்தை ஈடுகட்டும் வசதி) கட்டத்தை முக உயரத்தில் வைத்தால் முகம் தெரிகிறது. ஆனால் வாசல் வெளுத்து, முகத்தின் ஓரத்தையும் தின்றுவிடுகிறது. எச்.எல்.சி. (கூசும் விளக்கொளியை அடக்கும் வசதி) இரவு ஹெட்லைட்டுக்கானது, இங்கே உதவாது. ஷட்டரை 1/25 நொடிக்கு இறக்கினால் நடப்பவர் முகம் கலங்குகிறது.

120 டி.பி. (வெளிச்ச-இருட்டு வேறுபாட்டைச் சமாளிக்கும் அளவு) அசல் டபிள்யூ.டி.ஆர்., அதாவது வெளிச்சத்துக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து ஒட்டும் வகை, 6 மி.மீ. லென்ஸ் கேமரா வாங்கி, 7 அடி உயரத்துக்கு இறக்கலாம் என்று திட்டம். 2.8 லென்ஸில் வாசலருகே மீட்டருக்குச் சுமார் 300 பிக்சல், 6 மி.மீ.யில் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும்.

கேட்க வேண்டியது இதுதான். இரண்டு எக்ஸ்போஷரை ஒட்டும்போது, வேகமாக நடப்பவர் முகத்தில் இரட்டைக் கோடு விழுகிறதா? விழுந்தால் டபிள்யூ.டி.ஆர். அளவை எவ்வளவில் வைக்கிறீர்கள்? கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டி, முகத்தில் விழும்படி உள்ளே ஒரு எல்.இ.டி. பேனல் போட்டாலே போதுமா? கேமராவைப் பக்கச்சுவருக்கு மாற்றினால் வெயில் தொல்லை குறையும், ஆனால் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும். இதே அமைப்பில் வேலை செய்தவர்கள் மாடல், செட்டிங், மாலை நேரப் படம் மூன்றையும் பகிர்ந்தால் பேருதவி.