மெத்தனால் மேசர் ஏன் குறித்த நாளில் கூடிக் குறைகிறது?

கேள்வி:
தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்டபீஸ்ஹூக் 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கி, ஜி9.62+0.20இ என்னும் விண்மீன் பிறப்பிடத்தில் 6.7 கிகாஹெர்ட்ஸ் மெத்தனால் மேசர் (வளிமத்திலுள்ள மெத்தனால் மூலக்கூறுகள் லேசர் போலப் பெருக்கி உமிழும் வானொலி அலை) சுமார் 244 நாளுக்கு ஒருமுறை பிரகாசமடைவதைப் பதிவு செய்தது. உள்ளிருக்கும் விண்மீனே துடிக்கிறதா?

மறுமொழி 1:
துடிக்கலாம், ஆனால் அது கட்டாயமில்லை. இந்த மேசருக்கு ஆற்றல் ஊட்டுவது சூடான தூசி உமிழும் அகச்சிவப்புக் கதிர் என்பதால், அக்கதிர் சற்றுக் கூடினாலே மேசர் பன்மடங்கு எகிறும். 2015இல் எஸ்255 என்னும் விண்மீன் பிறப்பிடத்தில், நிறைமிக்க இளம் விண்மீன் ஒன்று திடீரென வளிமத்தை விழுங்கியபோது இதுவே நடந்தது.

மறுமொழி 2:
அது ஒருமுறை நேர்ந்த வெடிப்பு. கால ஒழுங்குக்கு அந்த விளக்கம் போதாது. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் நெருங்கும்போதெல்லாம் அவற்றிலிருந்து வீசும் வளிமக் காற்றுகள் மோதி, மேசர் பெருக்கிக் காட்டும் பின்னணி வானொலி உமிழ்வைக் கூட்டுகின்றன என்ற கருத்தே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சட்டென ஏறி மெல்லத் தணியும் பிரகாச வரைகோடு, அயனியான வளிமத்தில் எலக்ட்ரான்கள் மீண்டும் இணைவதை ஒத்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
22 கிகாஹெர்ட்ஸ் நீர் மேசருக்கும் இது பொருந்துமா?

மறுமொழி 1:
பொருந்தாது. அதைப் பெரும்பாலும் தூண்டுவது இளம் விண்மீனிலிருந்து வெளியேறும் வளிமப் பாய்ச்சல்களின் அதிர்வலையில் நிகழும் மூலக்கூறு மோதல்.