நைட்ரேட் உப்பில் குளோரைடு காட்டுகிறது, சுடரும் மஞ்சளாகவே இருக்கிறது: எங்கே பிழை?

உவர்க்காற்று:
பி.எஸ்சி. முதலாண்டு செய்முறைக்கு ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் கொடுக்கிறோம். நைட்ரேட்டைக் காட்டும் பழுப்பு வளையம் சரியாக விழுகிறது. ஆனால் சோடியம் கார்பனேட் சாற்றில் (உப்பைச் சோடியம் கார்பனேட்டோடு நீரில் கொதிக்கவிட்டு வடிகட்டியது) சில்வர் நைட்ரேட் விட்டதும் வெள்ளை வீழ்படிவு வருகிறது, அது அம்மோனியாவில் கரைந்தும் போகிறது. பிள்ளைகள் குளோரைடு என்று எழுதிவிடுகிறார்கள். சுடர் சோதனையில் மஞ்சள் மட்டுமே தெரிகிறது. உப்பு புதுப் பாட்டில். கல்லூரி திசையன்விளைப் பக்கம், டெஸ்ட் டியூப் கழுவுவதெல்லாம் போர் தண்ணீரில். எதை முதலில் பார்க்க?

பாளை பிப்பெட்:
சார், உப்பே போடாமல் ஒரு பிளாங்க் ஓட்டுங்கள். 5 மி.லி. வாலை வடிநீர், நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி, பிறகு சில்வர் நைட்ரேட். தெளிவாக நின்றால் தண்ணீரும் அமிலமும் நல்லவை. அதையே போர் தண்ணீரில் கழுவி உதறிய டியூபில் செய்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். சில்வர் குளோரைடு 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும். குடிநீருக்கே 250 மில்லிகிராம் வரை குளோரைடை இந்தியத் தர நிர்ணயம் ஏற்கிறது. கடலோர உவர் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். கழுவிய டியூபை வாலை வடிநீரில் இரண்டு தடவை அலசியே ஆக வேண்டும்.

அடுத்த பிளாங்க் சோடியம் கார்பனேட்டுக்கு. மட்டமான தரத்தில் குளோரைடு கலந்திருக்கும். 2 கிராமை 20 மி.லி. வடிநீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சாறு எடுப்பது போலவே வடிகட்டிச் சோதியுங்கள்.

வீழ்படிவு:
பிப்பெட் சொன்னதோடு இன்னொன்று. சாற்றில் கார்பனேட் மிஞ்சியிருந்தால் சில்வர் கார்பனேட் விழும். அதுவும் அம்மோனியாவில் கரையும்! அதனால் ‘அம்மோனியாவில் கரைந்தது’ என்பது மட்டும் சான்று ஆகாது. நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நுரைப்பது முழுக்க நின்ற பிறகு இன்னும் சில துளி விட்டு, நீல லிட்மஸ் சிவப்பானதும் சில்வர் நைட்ரேட் விடச் சொல்லுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். அலமாரியில் பக்கத்துப் பாட்டிலான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் குளோரைடை நாமே சேர்த்த மாதிரி.

அம்மோனியாவில் கரைந்ததை மறுபடி நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்குங்கள். வெள்ளை திரும்ப வந்தால் குளோரைடு, வராவிட்டால் கார்பனேட். திரும்ப வந்தாலும் அது தண்ணீரில் வந்த குளோரைடா என்ற கேள்வி நிற்கும். அதற்கு முடிவு குரோமைல் குளோரைடு சோதனை. திட உப்பு, பொட்டாசியம் டைகுரோமேட், அடர் கந்தக அமிலம், உலர்ந்த டியூப். செம்பழுப்பு ஆவியைச் சோடியம் ஹைட்ராக்சைடில் செலுத்தினால் மஞ்சள். அசிட்டிக் அமிலமும் லெட் அசிட்டேட்டும் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு. டியூபில் ஈரம் இருந்தால் குரோமைல் குளோரைடு சிதைந்து சோதனை கெடும்.

சுடர்நீலம்:
மஞ்சளுக்குக் காரணம் சோடியம். விரல் வியர்வை, சாறு எடுத்த கை, உவர் தண்ணீர், எதிலும் அது ஒட்டிக்கொள்ளும். பிளாட்டினக் கம்பியை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டுங்கள். நிறமே வராத வரை திரும்பத் திரும்ப. பிறகு வாட்ச் கிளாசில் உப்பை அதே அமிலத்தில் குழைத்து எடுங்கள். ஸ்ட்ரான்சியம் கருஞ்சிவப்பு, கால்சியம் செங்கல் சிவப்பு. பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஐந்தாம் தொகுதிக் (பேரியம், ஸ்ட்ரான்சியம், கால்சியம்) கார்பனேட் வீழ்படிவைச் சூடான நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து மூன்றாகப் பிரியுங்கள். முதலில் பொட்டாசியம் குரோமேட். மஞ்சள் விழாவிட்டால் பேரியம் இல்லை. அடுத்து அம்மோனியம் சல்பேட் விட்டுச் சூடாக்கிக் கண்ணாடிக் கம்பியால் உள்சுவரைத் தேயுங்கள். ஸ்ட்ரான்சியம் சல்பேட் மெதுவாகத்தான் விழும். அது வராதபோது மட்டும் அம்மோனியம் ஆக்சலேட். வரிசையை மாற்றினால் ஸ்ட்ரான்சியமும் ஆக்சலேட்டாக விழுந்து கால்சியம் என்று எழுத வைக்கும்.

உவர்க்காற்று:
நன்றி அண்ணாச்சி, மற்ற இருவருக்கும் நன்றி. வடிநீர் தீர்ந்தால் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் ஆகுமா?

பாளை பிப்பெட்:
ஆகும், ஆனால் ஒவ்வொரு கேனையும் திறந்ததும் அதே பிளாங்க் ஓட்டிவிட்டு. இன்னொன்று: அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலை மறுநாள்வரை டியூபில் விடாதீர்கள். தேங்கினால் வெடிக்கும் சேர்மம் உண்டாகும். வகுப்பு முடிந்த உடனே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சில்வர் குளோரைடாக்கி, வெள்ளிக் கழிவுப் பாட்டிலில் சேருங்கள்.