டென்பின் பௌலிங் பந்தில் கட்டைவிரல் துளையின் பிட்ச்சை, அதாவது சாய்வை, மாற்றியவர்கள் வாங்க, என்ன நடந்தது?

பத்தாம்நம்பர்பின்:
ஃபிங்கர்டிப் கிரிப் (நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரைதான் உள்ளே போகும்). பழைய பந்தில் கட்டைவிரல் கிட்டத்தட்ட பூஜ்ய பிட்ச். விரல் மாட்டுகிறது என்று சொன்னதும் புதுப் பந்தில் 3/8 அங்குலம் ரிவர்ஸ் (மற்ற விரல் துளைகளை விட்டு விலகிப் போகும் சாய்வு) வைத்துக் கொடுத்துவிட்டார்கள். "இனி தானா கழண்டு வரும் பாருங்க" என்றார் துளை போட்டவர்.

முதல் வீச்சு. கை பின்னால் போய் உச்சியில் நிற்கும் அந்த அரை நொடியில், பந்து கையை விட்டு நழுவுகிற மாதிரி இருந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் போய் விழுந்துவிடுமோ என்று பயம். நான் யோசிப்பதற்கு முன்பே கட்டைவிரல் மடங்கி, கணு துளைச் சுவரில் இறுகிவிட்டது. அப்புறம் எங்கே கழல்வது? ஃபவுல் லைனைத் தாண்டி 'டொப்'பென்று சத்தத்தோடு விரல் பிடுங்கிக்கொண்டு வந்தது. பந்து லேனில் தொம்மென்று விழுந்தது. பக்கத்து லேனில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறொருவரிடம் கொடுத்து, பிளக் போட்டு அடைத்து, 1/8 ரிவர்ஸாகக் குறைத்ததும் சரியாகிவிட்டது. கழலுவதற்காக வைத்த ரிவர்ஸே கழல விடாமல் செய்ததே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இப்படி வேறு யாருக்காவது ஆகியிருக்கிறதா?

கல்லுக்கை:
எனக்கு நேர்மாறு. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யாராவது ரிவர்ஸே கூடாது என்று முடிவு கட்டிவிடப் போகிறார்கள், அதற்காகவே சொல்கிறேன். எனக்கு ஸ்பான் (கட்டைவிரல் துளைக்கும் மற்ற விரல் துளைகளுக்கும் இடையிலான தூரம்) நீளம், கட்டைவிரல் பின்னால் வளையவே வளையாது. பூஜ்ய பிட்ச்சில் ஆடியபோது விரலின் அடிப்பகுதியில், நகத்துக்கு எதிர்ப்பக்கம், தோல் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஒட்டியிருந்த டேப்பை உரித்தேன், தோலும் டேப்போடு சேர்ந்து வந்தது. டேப்பின் பசைப் பக்கத்தில் என் ரேகை அப்படியே பதிந்திருந்தது. ரிவர்ஸ் வைத்த பிறகுதான் புண் ஆறியது. ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான்.

இடதுகைக்காரர்:
ரிவர்ஸ், அதற்கு எதிரான ஃபார்வர்ட் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். லேட்டரல் என்று பக்கவாட்டுச் சாய்வு ஒன்று இருக்கிறது.

எனக்குக் கட்டைவிரலின் ஒரு பக்கம் மட்டும் கிழியும். டேப் ஒட்டினேன், துளையைப் பெரிதாக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் வேறு ஒரு பெரியவரிடம் காட்டினேன். பிட்ச் கேஜைத் துளைக்குள் விட்டார், பார்த்தார். வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பார்த்தார். "இது வலதுகைக்குப் போட்டது தம்பி." உள்ளங்கைக்கு அடியில் போக வேண்டிய சாய்வு வெளிப்பக்கம் போயிருக்கிறது. வலதுகைக்காரர் அளவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பாமல் அப்படியே இறக்கியிருக்கிறார்கள்! எத்தனை நாள் அந்தப் பந்தோடு மல்லுக்கட்டியிருப்பேன்.

அளவுகோல்:
எனக்குப் பெரிய கதை எதுவும் இல்லை, ஒரு தடவை கால் அங்குலம் மாற்றினேன், நன்றாக இருந்தது. ஆனால் மேலே எழுதியவர்கள் எல்லாரும் ஸ்பானை மறந்துவிட்டீர்கள்.

முதலில் கணக்கு. பிட்ச் 1/8 என்றால் துளையின் அச்சு பந்தின் மையத்தை 1/8 அங்குலம் விலகிப் போகிறது என்று அர்த்தம். பந்தின் விட்டம் சுமார் எட்டரை அங்குலம். அப்படியானால் சாய்வு ஏறத்தாழ 1.7 டிகிரி. இரண்டரை அங்குல ஆழத்தில் துளையின் அடி நகர்வது 2 மில்லிமீட்டர்கூட வராது. அதையே விரல் கண்டுபிடித்துவிடுகிறது. அதனால் 3/8 என்பதெல்லாம் ஒரே தாவலில் போகிற தூரம் இல்லை.

அடுத்தது, ஸ்பான். கட்டைவிரலை முழுசாக உள்ளே விடுங்கள். நடுவிரலையும் மோதிர விரலையும் துளைக்குள் விடாமல் மேலேயே படுக்க வையுங்கள். முதல் கணுவின் மடிப்புக்கோடு துளை விளிம்புக்கு எங்கே வருகிறது என்று பாருங்கள். ஸ்பான் இழுத்துப் பிடித்திருந்தால் கை இறுகத்தான் செய்யும், பிட்ச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் விரல் மாட்டும். பிட்ச்சை மாற்றினால் ஸ்பானையும் கூடவே பார்க்க வேண்டும். துளை வட்டமா நீள்வட்டமா என்பதையும் பாருங்கள், யாருடைய கட்டைவிரலும் உருண்டையாக இல்லை. விரல் வீங்கியிருக்கும்போது அளவு கொடுக்காதீர்கள். எல்லாப் பந்துகளையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். கட்டைவிரல் துளையில் ஸ்லக் (உள்ளே பொருத்தும் தனி உருளை) போட்ட பந்தென்றால் ஸ்லக்கை மட்டும் மாற்றிப் பரீட்சை பார்க்கலாம், பந்தில் கை வைக்கவே வேண்டாம். இதையெல்லாம் பார்த்த பிறகும் மாட்டினால் அப்போது பிட்ச்சைப் பற்றிப் பேசலாம்.

பத்தாம்நம்பர்பின்:
ஐயா, பாடம் அருமை. ஆனால் என் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மேலேயே எழுதியிருக்கிறேனே. ஸ்பான் இரண்டு பந்திலும் ஒன்றுதான், அளந்து பார்த்தேன்.

அளவுகோல்:
எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புக்கு அளந்தீர்கள்?

இரண்டுகை:
கட்டைவிரலே வேண்டாம் என்று இரண்டு கைக்கு மாறிவிட்டேன், இரண்டு கையால் வீசும் ஜேசன் பெல்மோன்டே புண்ணியத்தில். ஆனாலும் அந்தத் துளை என்னை விடவில்லை. ஒரு கையால் ஆடிய காலத்துப் பந்து, துளை சும்மாதான் கிடந்தது. ஒரு போட்டியில் பந்துகளைச் சோதிப்பவர் அதற்குள் தன் விரலை விட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். அமெரிக்க பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் விதிப்படி 2020 ஆகஸ்ட் 1 முதல், போட்ட துளை எல்லாவற்றிலும் ஒவ்வொரு வீச்சுக்கும் விரல் இருக்க வேண்டும். எடையைச் சமன்செய்யப் போடும் பேலன்ஸ் துளையும் கிடையாது. அன்றைக்கு, மிச்சப் பின்களை அடிக்க வைத்திருக்கும் ஸ்பேர் பந்தை வைத்தே எல்லாவற்றையும் ஆடித் தீர்த்தேன். நீங்கள் 1/8க்கும் 3/8க்கும் சண்டை போடுங்கள், நான் பிளக் போட்டு மூடிவிட்டேன்.

கல்லுக்கை:
தலைப்பு பிட்ச் பற்றியது. இரண்டு கைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று ஆரம்பித்துக்கொள்ளுங்களேன்.

டிரில்பிட்:
துளை போடும் மெஷினுக்கு இந்தப் பக்கம் நிற்பவன் நான். ஒருவர் வந்து "அரைக்கால் அங்குலம் ரிவர்ஸ் ஏற்றிக் கொடுங்க" என்று ஒரே பிடி. கையைப் பார்த்தேன், பிட்ச்சில் ஒரு குறையும் இல்லை. துளை விளிம்புதான் கத்தி மாதிரி இருந்தது, பெவல் சரியாகவே போடவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சரி என்று உள்ளே கொண்டுபோய், விளிம்பை மட்டும் நன்றாக உருட்டித் தேய்த்துக் கொடுத்தேன். வீசிவிட்டு வந்து என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா, பிட்ச்சை மாத்தினதும் எப்படிப் பறக்குது!"

மாற்றவே இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பத்தாம்நம்பர்பின்:
பிட்ச் மாற்றியதற்கான கூலியை வாங்கினீர்களா?

டிரில்பிட்:
பெவலுக்கு மட்டும்தான். அதுவே அதிகம் என்று பேரம் பேசினார்.