புதுப்பிப்பு: டிரான்ஸ்ஃபர் கேஸில் சிக்கிய ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டது

முந்தைய பதிவின் சுருக்கம்: ஆல் வீல் டிரைவ் கார், அடிபட்டு விரிசல் விட்ட கியர்பாக்ஸ், வலப்பக்கச் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) சிக்கித் துளியும் அசையவில்லை.

சர்க்ளிப் (ஷாஃப்டை இடத்தில் பூட்டி வைக்கும் வளையம்) மேல்தான் சந்தேகம் இருந்தது. காரணம் அதுவல்ல, எஞ்சின் பிளாக் பிராக்கெட்டில் உட்காரும் பேரிங். எஃகு வெளிவளையத்தைச் சுற்றி அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாக உப்பினால், அதுவே ஆப்பு அடித்ததுபோல் கவ்விவிடும்.

ஆயிலை வடித்து, பேரிங் பிடிமான போல்ட்டுகளைக் கழற்றி, துருநீக்கி எண்ணெயை இரவு முழுக்க ஊற விட்டோம். காலையில் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு ஹீட் கன்னால் பிராக்கெட்டை மட்டும் சூடாக்கினோம். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். ஷாஃப்டையே சூடாக்கினால் பிடி இன்னும் இறுகும், ஆயில் சீலும் கருகும். தீச்சுடர் வேண்டவே வேண்டாம்.

சூடு ஆறுமுன் ஷாஃப்டை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே ஸ்லைட் ஹேமரால் (கம்பியில் ஓடும் எடையால் அடித்து வெளியே இழுக்கும் கருவி) நேர்கோட்டில் இழுக்க வேண்டும். கியர்பாக்ஸ் உள்ளே பூட்டிக்கிடந்தாலும், மறுபக்கச் சக்கரம் தரையில் படாமல் இருந்தால் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பாகம்) ஷாஃப்டைச் சுழல விடும். சிவி ஜாயின்ட்டை (வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் மூட்டு) பிடித்து இழுத்தால் ஜாயின்ட்தான் பிரியும், ஷாஃப்ட் உள்ளேயே நிற்கும். விரிசல் விட்ட கியர்பாக்ஸ் கேஸ் விளிம்பில் கடப்பாரையை முட்டுக்கொடுக்கவே கூடாது.

பேரிங், ஆயில் சீல், சர்க்ளிப் மூன்றும் புதிது போடணும். ஸ்ப்லைனில் (ஷாஃப்ட் முனையிலுள்ள பல்வரிசை) செம்பழுப்புத் தூள் இருந்தால் பல் தேய்ந்திருக்கிறதா என்று டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கமும் பாருங்கள்.