பழைய டென் ஸ்பீடு சைக்கிள்ல பின் கியரைக் கழட்ட எந்த டூல் வாங்கணும்?

மணிச்சக்கரம்:
வணக்கம், கொஞ்சம் உதவி வேணும். எழுபதுகள்ல வந்த டென் ஸ்பீடு (முன்னாடி ரெண்டு, பின்னாடி அஞ்சு பல்சக்கரம்) ரோடு சைக்கிள் ஒண்ணு ரெடி பண்ணிட்டிருக்கேன், பின் சக்கரத்துல கியர் பக்கமா ஒரு ஸ்போக் ஒடைஞ்சிருச்சு, பெரிய பல்சக்கரம் மறைக்கிறதால புது ஸ்போக்கை ஹப் ஓட்டைக்குள்ள விடவே முடியல, அதனால அஞ்சு கியரையும் மொத்தமா கழட்டியாகணும். கையில இருக்குற கேசட் (புது சைக்கிள்ல வர்ற பின் கியர் தொகுதி) டூல் பன்னெண்டு பல்லு உள்ளது, அது உள்ள போகவே மாட்டேங்குது. ஆக்ஸிலைச் சுத்திப் பார்த்தா எதிரெதிரா ரெண்டு வெட்டு மட்டும்தான் தெரியுது. எந்த டூல் வாங்குறது? செயின் விப்பும் (பல்சக்கரம் சுத்தாம பிடிச்சுக்கிற செயின் வெச்ச கைப்பிடி) வேணுமா?

கிரீஸ்கை:
அது கேசட் இல்ல ப்ரோ, ஃப்ரீவீல். ஷிமானோ 1978ல ஃப்ரீஹப் (ராட்செட் ஹப்லயே இருக்கும், கேசட் அது மேல ஏறும்) கொண்டு வந்தாங்க, அதுக்கு முந்தின கியர் சைக்கிள்ல பெரும்பாலும் ஃப்ரீவீல்தான், ராட்செட்டும் பல்லும் ஒரே கட்டையா ஹப் மரையில திருகி உக்காந்திருக்கும். கேசட்ல மாதிரி பூட்டுற வளையம் (லாக்ரிங்) கிடையாது, அதனால செயின் விப் வேண்டாம், சரியான ரிமூவர் ஒண்ணு போதும். முதல்ல முகப்புல இருக்குற அழுக்கைத் துடைச்சு என்ன கம்பெனி பேர் போட்டிருக்குன்னு பாருங்க. பார்க் டூல் கம்பெனியோட நம்பர்ல சொன்னா ரெண்டு வெட்டு சன்டூருக்கு எஃப்ஆர்-2, நாலு வெட்டு சன்டூருக்கு எஃப்ஆர்-3, பன்னெண்டு பல்லு ஷிமானோவுக்கு எஃப்ஆர்-1.3, உள்பக்கம் இருபது பல்லு இருக்குற ஆட்டம், ரெஜினாவுக்கு எஃப்ஆர்-4. ரெண்டு வெட்டுன்னாலே சன்டூர்னு முடிவு பண்ணிடாதீங்க, பழைய ரெஜினாவுலயும் ரெண்டு வெட்டு உண்டு, ஆனா அளவு வேற.

மணிச்சக்கரம்:
துடைச்சுப் பாத்தேன், சன்டூர் பர்ஃபெக்ட்னு இருக்கு! இன்னொண்ணு, ஸ்போக் எல்லாத்தையும் வெட்டிட்டு ஹப்பைத் தனியா எடுத்து கழட்டுறது ஈஸின்னு ஒருத்தர் சொல்றாரு, செய்யலாமா?

பழைய ஸ்டீல்:
வேண்டவே வேண்டாம்ங்க. மிதிக்க மிதிக்க இறுகுற மரை அது, இத்தனை வருஷ மிதியும் அதுலதான் ஏறியிருக்கு, அதைக் கழட்ட உங்களுக்கு இருக்குற ஒரே பெரிய நெம்புகோல் அந்த ரிம்தான். ஸ்போக்கை வெட்டிட்டா வெறும் ஹப்பைப் பிடிக்கவே வழியிருக்காது. ஒடைஞ்சது ஒடைஞ்சபடியே இருக்கட்டும், மத்ததைத் தொடாதீங்க.

ரெண்டு வெட்டு டூல்ல ஒரே ஆபத்து வழுக்குறதுதான், ஒரு தடவை வழுக்குனா வெட்டோட ஓரம் மழுங்கிடும், அப்புறம் எந்த டூலும் பிடிக்காது. அதனால டூலை உள்ள வெச்சு, ஆக்ஸில் நட்டையோ குயிக் ரிலீஸ் ஸ்கீவரையோ (ஆக்ஸில் உள்ள போற கம்பி, ஸ்பிரிங்கை எடுத்துட்டு) மேல போட்டு டூல் அசையாத அளவுக்கு இறுக்குங்க. முந்தின ராத்திரியே மரைக்கு ஊடுருவுற ஆயில் விட்டு வைங்க. அப்புறம் டூலை வைஸ்ல (மேஜையில பொருத்துற இறுக்கிப் பிடிக்கிற கருவி) பிடிச்சு, கியர் கீழ இருக்குற மாதிரி சக்கரத்தைப் படுக்க வெச்சு, ரெண்டு கையாலயும் ரிம்மைப் பிடிச்சு இடது பக்கமா, அதாவது கடிகாரத்துக்கு எதிரா திருப்புங்க. வைஸ் இல்லன்னா நீளமான ஸ்பேனர், கூட ஆள் பிடிச்சுக்கணும். "டக்"குனு இளகும், அந்த நொடியே நிறுத்தி நட்டை லூஸ் பண்ணிட்டு மறுபடி திருப்புங்க, விடாம திருப்புனா ஃப்ரீவீல் வெளிய வர இடமில்லாம ஆக்ஸிலை வளைச்சிடும். இந்த இடத்துல அவசரப்படுறவங்கதான் நிறைய.

கிரீஸ்கை:
வெட்டு ஏற்கெனவே மழுங்கியிருந்தா கடைசி வழி ஒண்ணு உண்டு, முகப்புத் தட்டுல ரெண்டு குழி இருக்கும், பஞ்ச் வெச்சு கடிகார திசையில தட்டுனா அது கழலும், அது இடது மரை. உள்ள இருக்குற குட்டி குண்டுகள் எல்லாம் கொட்டும், வெளிக்கூடு கழன்டதும் உள் பாடியை வைஸ்ல பிடிச்சு திருப்பலாம். ஃப்ரீவீல் காலின்னு வெச்சுக்கிட்டுதான் இதுல இறங்கணும்.

மணிச்சக்கரம்:
வந்துருச்சு அண்ணா!! எஃப்ஆர்-2 வாங்கி நீங்க சொன்னபடியே வைஸ்ல வெச்சு திருப்புனேன், வெட்டு ரெண்டும் அப்படியே இருக்கு, ரொம்ப நன்றி. ஃப்ரீவீலை மாத்தணும்னா எதையும் போடலாமா?

பழைய ஸ்டீல்:
ரொம்ப சந்தோஷம். மரை பாத்து வாங்குங்க. ஆங்கில மரை 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சு ஹப்னா 34.7 மிமீ, 1 மிமீ இடைவெளி, ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணுபோலத்தான் தெரியும், மாத்தித் திருகுனா அலுமினிய ஹப்போட மரை போயிடும். எதைப் போட்டாலும் மரையில கிரீஸ் தடவி, முதல் சில சுத்து கையாலயே ஏத்துங்க, கைக்கு அடங்கலன்னா உடனே கழட்டிட்டு நேரா வெச்சு திரும்ப ஆரம்பிங்க.