புதுப்பிப்பு: எதிர்வீட்டு அக்காவுக்கு வக்கீல் கிடைத்துவிட்டார்

விவாகரத்து வழக்குக்கு வக்கீல் வைக்கக் காசில்லாத எங்கள் சிங்கப்பூர் ஈசூன் எதிர்வீட்டு அக்காவுக்கு வழி கேட்டு முன்பு எழுதியிருந்தேன். வசதியில்லாதவர்களுக்கு வக்கீல் உதவி தரும் அரசு அலுவலகமான லீகல் எய்ட் பியூரோவில் அவர் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு ஒரே பயம், கணவர் நன்றாகச் சம்பாதிக்கிறாரே என்று. ஆனால் எதிர்த்தரப்பே அவர்தான். அதனால் வருமானக் கணக்கில் அவர் சம்பளத்தைச் சேர்க்கவில்லை. வீட்டில் தலைக்கு மாத வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும்; 2019இல் வந்த கணக்கில் அது 950 வெள்ளியாக இருந்தது. சேமிப்பையும் பார்க்கிறார்கள். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்பது தனிச் சோதனை. படிவத்தை விட, பழைய வங்கிக் கணக்கு விவரங்களைத் தேடியதில்தான் எங்களுக்கு உயிர் போனது!

அப்புறம், நான் எழுதியதில் இரண்டு தவறு. முழுக்க இலவசம் என்றேன். வசதியைப் பொறுத்து ஒரு பங்கு கட்டச் சொல்லலாம். குற்ற வழக்குக்கும் அங்கேயே போகலாம் என்றேன். 1958இல் தொடங்கிய இந்த பியூரோ சிவில் வழக்குகளுக்கு மட்டும்தான். குற்றம் சாட்டப்பட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அவர்களுக்காக வாதாடும் பொதுத் தற்காப்பு அலுவலகம் 2022 டிசம்பரில் வந்துவிட்டது. தொடங்கியபோது மாத வருமான வரம்பு அங்கே தலைக்கு 1,500 வெள்ளியாக இருந்தது.

அடுத்த வாரம் அக்கா வக்கீலைப் பார்க்கிறார். துணைக்கு நானும் போகிறேன்.