குடும்பக் குழு: அருவிப் படம்

யாழினி: சித்தப்பா, காலையில் எடுத்த அருவிப் படம் பாருங்கள். தண்ணீர் பட்டுப்போலத் தெரியட்டும் என்று ஷட்டரை 8 விநாடி திறந்து வைத்தேன், மொத்தமும் வெளுத்துப் போய்விட்டது. ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 100-க்கும், லென்ஸ் துளையை எஃப் 22 வரைக்கும் குறைத்தும் சரிவரவில்லை.

சித்தப்பா: பகல் வெளிச்சத்துக்கு 8 விநாடி தாங்காதும்மா. எஃப் 22-க்கும் போகாதே. துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி ஓரத்தில் வளைந்து படம் மழுங்கிவிடும். எஃப் 11 போதும், முன்னால் என்டி ஃபில்டர் போடு.

அத்தை: அது என்ன தம்பி, கூலிங் கிளாஸ் மாதிரியா?

சித்தப்பா: அதேதான் அக்கா. நல்ல ஃபில்டர் என்றால் நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். ஒரு ஸ்டாப் என்றால் பாதி. 10 ஸ்டாப் போட்டால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். 1/60 விநாடியில் எடுக்கிற காட்சிக்கு 17 விநாடி தேவைப்படும்.

யாழினி: என்னிடம் 10 ஸ்டாப் இருக்கிறது சித்தப்பா. மாட்டினால் ஒரே இருட்டு, ஃபோகஸே பிடிக்கவில்லை.

சித்தப்பா: முதலிலேயே மாட்டியிருப்பாய். ட்ரைபாடில் வைத்து, ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வெளிச்சத்தையும் அளந்துவிடு. ஃபில்டர் கடைசியில்தான். திருகும்போது ஃபோகஸ் வளையம் நகரக் கூடாது. ஒரு மாலை முழுக்க நான் எடுத்த கடல் படங்கள் அப்படித்தான் வீணாயின, இன்றும் மனசு ஆறவில்லை.

யாழினி: சரி, 17 விநாடியே வைக்கிறேன்.

சித்தப்பா: ஒன்று அப்படி எடு. இன்னொன்று ஃபில்டரைக் கழற்றாமல் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 வைத்து 1 விநாடியில் எடு. ஐஎஸ்ஓவில் இரண்டு, துளையில் இரண்டு என்று நான்கு ஸ்டாப் கூடி, குறைந்த நேரத்துக்கு ஈடாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்.

*மாலை*

யாழினி: இரண்டும் அனுப்பியிருக்கிறேன்.

அத்தை: 1 விநாடிப் படத்தில் பாறைமேல் ஆட்கள் நடப்பது கலங்கலாகத் தெரிகிறதே, 17 விநாடிப் படத்தில் ஒருவரையும் காணோமே!

சித்தப்பா: 17 விநாடியில் ஓரிடத்தில் நில்லாமல் போனவர்கள் பதிவாகவில்லை அக்கா. நின்றிருந்தால் தெரிந்திருப்பார்கள்.

யாழினி: அதில் தண்ணீர் வெள்ளைத் துணி தொங்குவது போல இருக்கிறது. இலைகளும் காற்றில் கலங்கிவிட்டன. 1 விநாடிப் படத்தில் இழை இழையாக இறங்கி, அந்தக் கறுப்புப் பாறையில் பட்டு இரண்டாகப் பிரிவது தெரிகிறது.

சித்தப்பா: எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. அருவிக்கு அருவியின் வேகம் தெரிய வேண்டும். அரை விநாடி, 1 விநாடி, அதற்குமேல் நான் போவதே இல்லை. கடல், மேகம் என்றால் நிமிடக்கணக்கில் வைக்கலாம்.

யாழினி: அப்படியென்றால் நாளை விடியற்காலை கடற்கரைக்குப் போகிறேன்.

சித்தப்பா: 30 விநாடிக்கு மேல் என்றால் பல்ப் மோட், அதில் பொத்தானை விடும்வரை ஷட்டர் திறந்திருக்கும். ரிமோட் எடுத்துக்கொள். ட்ரைபாட் கால்களை மணலில் நன்றாக அழுத்தி ஊன்று. அலை திரும்பும்போது அடிமணலை அரித்துக்கொண்டு போகும், கால் இறங்கிவிடும். அலை ஒன்றிரண்டு வந்து போகட்டும், அப்புறம் ஷட்டரைத் திற.